அவள் மறைத்த விஷயம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் கோட்டை விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்? தவிர, சந்தேகப்பட்டு அசடு வழிந்த கதையை நானே சொல்வதா? போகட்டும்.

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம், என் மனைவியும் அம்மாவும் ஏதோ மறைப்பதாகத் தோன்றியது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். டீ இல்லாமல் பொழுது விடியாதவள் டீயைத் தொடவில்லை. பைக்கில் போகும்போது ஸ்பீடு பிரேக்கர் வந்தால் என் சட்டையைப் பிடித்து, "மெதுவா போயேன்யா" என்பாள். ஒரு நாள் இருவரும் எங்கோ போய் வந்தார்கள்.

"எங்க போனீங்க?"

"ரேஷன் கடைக்கு" என்றார் அம்மா.

கடை பூட்டிக் கிடந்ததை வேலைக்குப் போகும்போதே பார்த்திருந்தேன். கையில் பையும் இல்லை.

பெரும்பாக்கத்திலிருக்கும் அவளுடைய அம்மா வீட்டுக்கே போய்விடத் திட்டம் போடுகிறாள் என்று முடிவு கட்டினேன். காரணமும் என்னிடம் இருந்தது. அவளுடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில் மாமியாரிடம், "உங்க பொண்ணு சுட்ட சப்பாத்திய லேத்துல போட்டா நல்ல வாஷர் கிடைக்கும்" என்று சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர.

இந்த நிலையில் அவளே சினிமாவுக்குக் கூப்பிட்டாள். அம்மா வீட்டுக்குப் போகும் முன் சமாதானமாக ஒரு படம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு தியேட்டர். குடும்பக் காமெடி. கல்யாணமே வேண்டாமென்று திரிகிற ஒருவனின் வீட்டு வாசலில் யாரோ குழந்தையை விட்டுப் போய்விடுகிறார்கள். அவன் டயப்பரைத் தலைகீழாக மாட்டியபோது தியேட்டரே அதிர்ந்தது. இவள் மட்டும் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இடத்துல நீ இருந்தா இன்னா பண்ணுவே?"

"பக்கத்து சீட்ல இருக்கறவர்கிட்ட குடுத்துட்டு பாப்கார்ன் வாங்கப் போயிடுவேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"உங்கம்மா வூட்டுக்குப் போறதுன்னா நேரா சொல்லிட்டுப் போ. ரேஷன் கடைன்னு எதுக்குப் பொய்?"

"லூசு. ஆஸ்பத்திரிக்குப் போனோம்" என்று பையிலிருந்து ஸ்கேன் சீட்டை எடுத்து நீட்டினாள். "ஏழு வாரம்."

சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை.

"மூணு மாசம் முடியறவரைக்கும் வெளியே சொல்லக்கூடாது, கண்ணு படும்னு அத்தை சொன்னாங்க. உன்கிட்ட சொன்னா லேத் சத்தத்தையும் மீறி எஸ்டேட்டுக்கே கேக்கும். அத்தோட..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதையும் கிண்டல் பண்ணிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

பதிலுக்கு ஒரு ஜோக் தேடினேன். பிறகு அதை விட்டுவிட்டு, சீட்டை மடித்து அவள் பையிலேயே வைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள், துளியும் நம்பாமல்.

அனகாபுத்தூரில் எங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு சைக்கிள்கூட எங்கள் பைக்கை முந்திக்கொண்டு போனது.

பட்டறையில் பக்கத்து மெஷின் என் நண்பனுடையது. காலையில் என்ன தின்றேன் என்பதுவரை அவனிடம் ஒப்பிப்பவன் நான். "இன்னா மச்சான், டல்லா கீறே, வூட்ல சண்டையா?" என்று தினமும் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, "சொல்லிட்டியா?" என்று முகத்தைத் துருவுவாள். இல்லை என்று நான் சொன்னால் அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று மாதம் முடிந்த அன்று, "போய்ச் சொல்லு, போ" என்று அவளே அனுப்பிவைத்தாள். டீ நேரத்தில் அவன் தோளில் கை போட்டேன். "மச்சான், நான் அப்பா ஆகப்போறேன். ஒன்னரை மாசமா தெரியும். உன்கிட்டகூட சொல்லல, மன்னிச்சுக்கோ."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ அப்பா ஆகறதக்கூட நம்பிடலாம் மச்சான், ஒன்னரை மாசம் வாய மூடிகினு இருந்தேன்றியே, அதான் நம்பற மாதிரி இல்ல."