மூன்று விநாடிக்குள் பேசவும்

பத்தொன்பது வருட நர்ஸ் வேலையில் எங்கள் வார்டு அக்காவை யாரும் குறை சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னது ஒரு செயலி.

வெளிநாட்டு நோயாளிகள் வரத் தொடங்கியதும், நர்ஸ்கள் எல்லாரும் அந்தச் செயலி வழியே ஆன்லைனில் மருத்துவ ஆங்கிலம் படித்துத் தேற வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மூன்று தடவை தவறினால் வார்டு கிடையாது, மருந்துக் கிடங்குதான். அக்கா இரண்டு தடவை தவறியிருந்தார். நோயாளி முகமே பார்க்காத வேலையை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாங்கள் மற்றவர்கள் படித்தோம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுச் சாப்பிடப் போவோம். கேள்விகள் மாறவே மாறாது என்பதால் விடைகள் ஒரு தாளில் வார்டு வார்டாகச் சுற்றின. கையெழுத்து என்னுடையது. எனக்கு நூற்றுக்கு நூறு! அக்கா அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. படுக்கை விரிப்பு மாற்றும்போதும் அவர் காதில் பாடம் ஓடும், உதடு அசையும்.

அவர் மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில். திரையில் ஒரு பொம்மை நோயாளி பேசும். அது நிறுத்தியதும் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அக்கா கேட்காமல் காத்திருப்பார். 'மூன்று விநாடிக்குள் பேசவும்' என்று சிவப்பில் எழுத்து வரும், மதிப்பெண் போகும்.

"அக்கா, அது வெறும் பொம்மை! சட்டுபுட்டுனு அடுத்ததக் கேளுங்க."

"தெரியும்டா. ஆனா நோயாளி வாய மூடினா பேச்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல. பாவம், இதுக்குக் காது இருக்கு, பொறுமைதான் இல்ல."

அக்காவைத் தவிர எல்லாருக்கும் நூறு வந்ததில் நிர்வாகத்துக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். பழைய தேர்ச்சிகளை மட்டும் ரத்து செய்து எல்லாருக்கும் புதிதாகத் தேர்வு வைத்தார்கள். இந்த முறை கூட்ட அறையில், எல்லார் முன்னாலும், வீடியோ அழைப்பில் ஓர் ஆசிரியையே நோயாளியாக நடித்தார். தலைச்சுற்றல் என்றார். நான் மூச்சு விடாமல் பதினான்கு கேள்விகள் கேட்டுவிட்டு, காலரைத் தூக்கிவிட்டபடி பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கடைசி ஆள் அக்கா. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ரத்த அழுத்த மாத்திரை, ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்றார் ஆசிரியை. அக்கா பேசவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. போச்சு, கிடங்குதான் என்று நினைத்தேன். ஆறேழு விநாடி கழித்து ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டு, மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது, சொன்னால் திட்டுவீர்களோ என்று பயமாக இருந்தது என்றார்.

தேர்வு முடிந்ததும் ஆசிரியை தன் குறிப்பை வாசித்துக் காட்டினார். 'நர்ஸ் அமைதியாகக் காத்திருந்தால் மட்டும் இதைச் சொல்லவும்' என்று அதில் இருந்தது. பதினொரு பேரில் அந்த உண்மையை வெளியே கொண்டுவந்தவர் அக்கா ஒருவர்தான். எனக்கு மறுதேர்வு. ஆனாலும் கை வலிக்கத் தட்டினேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அக்காவைப் பிடித்தேன்.

"இன்னிக்கு எனக்கு நேரமே சரியில்லக்கா. நெட் வேற சொதப்பிருச்சு."

அக்கா பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஒரு பாடம்கூட நான் படிக்கலக்கா" என்றேன்.