கழுத்தில் தொங்கிய கோர்ட் ஷூ

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர் இருந்ததாம். அதற்குள்ளே சத்தமாகப் பேச வராத ஒருத்தன் உட்கார்ந்திருந்தானாம். ஊர் புதுச்சேரி, ஒருத்தன் நான். டிக்கெட் விற்கிற வேலையில் விற்பது கொஞ்சம், திட்டு வாங்குவதுதான் நிறைய. கண்ணாடி ஓட்டைக்குப் பின்னால் குந்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், உம் கொட்டுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் பாஸ்கெட்பால் டீம், சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் டீம். கேப்டன் ஜீவா அண்ணன் காலாப்பட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. ஒரு மேட்ச்சில் பந்துக்கு எகிறி விழுந்ததில் முட்டி திரும்பிவிட்டது. நிர்வாகம் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. ஆட்டத்தில் அடிபட்டவனைக் குணமாகிற வரைக்கும் டீமில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மற்றவர்கள் ஆட மறுத்தார்கள். நிர்வாகம் ஸ்டேடியத்தையே பூட்டிவிட்டது. விற்ற டிக்கெட்டைத் திருப்பி வாங்குகிற வேலை எனக்கு.

கேட்டு ஓரம்

சாயங்காலமானால் ஆட்டக்காரர்கள் பூட்டின ஸ்டேடியம் கேட்டு ஓரம் வந்து உட்காருவார்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கும். களத்தில் மட்டும் போடுகிற கோர்ட் ஷூ, நாடா முடிந்து கழுத்தில் தொங்கும். அந்த ஷூவை ரோட்டில் போட்டு நடக்க மாட்டார்கள். அடியில் மண் ஒட்டினால் மரத்தரையில் வழுக்கும். எப்போது கேட்டைத் திறந்தாலும் மாட்டிக்கொண்டு ஓடலாம் என்று தினமும் கொண்டுவந்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஜீவா அண்ணன் கழுத்திலும் ஒரு ஜோடி தொங்கியது.

எதிரே டீக்கடை போட்டிருந்த அக்காவுக்கு இந்தச் சண்டையில் வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஏம்பா, உங்க கழுத்துல ஷூவ மாட்டிக்கினா எவன் பயப்படுவான்? கால்ல கெடக்குற செருப்பக் கழட்டி, மாட்ட வேண்டியவன் கழுத்துல மாட்டுங்க!"

மூலக்குளத்துப் போன்

ஒரு அம்மா போன் செய்தார். பையன் பிறந்தநாளுக்கு மொத்தக் குடும்பத்துக்கும் டிக்கெட் எடுத்திருந்தாராம். ஜீவாவிடம் கை கொடுக்காமல் கேக் வெட்ட மாட்டேன் என்கிறானாம் பையன். மேட்ச் இல்லை என்று நான் சொன்னேன். "சத்தமாப் பேசு தம்பி" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். அதற்கு அவரே ஒரு வழி சொன்னார்.

"ஒரே ஒரு நாளு சமாதானமாப் போவச் சொல்லேன். கேக்கு வெட்டி முடிச்சதும் மறுபடி சண்ட போட்டுக்கட்டும்."

சேதராப்பட்டு அண்ணன்

சேதராப்பட்டில் கம்பெனி வேலை பார்க்கிற ஒருவர், ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஓட்டைக்குள் நீட்டின கை பாதியிலேயே நின்றுவிட்டது. கேட்டு ஓரம் ஜீவா அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவன் அந்த முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். வந்தவர் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க கம்பெனில மெஷினுல வெரலு நசுங்குனவன மறுநாளே வெளிய அனுப்பிட்டான். நாங்க ஒருத்தனும் எழுந்து நிக்கல தம்பி. இந்த டிக்கெட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

கேட்டு திறந்த அன்று

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடிபட்டவர்களைக் குணமாகிற வரைக்கும் வைத்துக்கொள்வார்களாம். ஆனால் இனிமேல் போடுகிற ஒப்பந்தத்துக்குத்தான் அது. ஜீவா அண்ணனுடையது முன்னாடியே முறிந்துபோனது. மற்றவர்கள் கையெழுத்துப் போட மாட்டோம் என்று நின்றார்கள். "எனக்குக் கெடைக்காததும் இல்லாம ஒங்களுக்கும் கெடைக்காமப் போவணுமாடா?" என்று அதட்டி அனுப்பினவர் அவர்தான்.

முதல் மேட்ச் அன்று மழை. கழுத்திலிருந்த ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு எல்லாரும் உள்ளே ஓடினார்கள். கூட்டமும் உள்ளே போய்விட்டது. வரிசையில் கடைசியாக ஜீவா அண்ணன் நின்றார். நான் டீம் பாஸை நீட்டினேன். அதை என் பக்கமே தள்ளிவிட்டு, "டிக்கெட் குடு" என்றார்.

வாங்கிக்கொண்டு அவர் நகர்ந்தபோதுதான் பார்த்தேன். கோர்ட் ஷூவைக் காலில் போட்டிருந்தார். கணுக்கால் வரை ரோட்டுச் சேறு. "அண்ணே, ஷூ..." என்றேன். எப்போதும் யாருக்கும் கேட்காத என் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது.

"கேலரில குந்துறவனுக்கு எங்கடா வழுக்கப் போவுது?"

காலை இழுத்து இழுத்துப் படியேறி அவர் மறைந்தபிறகு கவுண்டரை மூடினேன். எங்கள் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது, யாரால் கேட்டைப் பூட்டினார்களோ அவருக்கும் கடைசியில் திறந்துதான் விட்டார்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு.