சிலுவையைப் பின்னால் தள்ளியவர்

விழுப்புரத்தில் வாங்கிய புது ஏர் ரைஃபிளை, வாரண்டியில் சரிசெய்ய அதே கடைக்கு எடுத்துப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரி, தன் பள்ளிப் பிள்ளைகள் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பழக வாங்கிய ரைஃபிளோடு நின்றிருந்தார். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி.

“குறி பாக்குற சைட்ட எவ்ளோ திருகினாலும் குண்டு லெஃப்ட்லயே போய்க்கினு இருக்குதுங்க.”

“சுடுற கைதான் ஆடும் சிஸ்டர். அதுக்கு வாரண்டி கெடையாது,” என்றார் கடைக்காரர்.

சிஸ்டர் கழுத்துச் சிலுவையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கொல்லைச் சுவரில் மாட்டியிருந்த அட்டையை நோக்கி நிதானமாகச் சுட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போய்ப் பார்த்தால் அத்தனை குண்டுக்கும் அட்டையில் ஒரே ஓட்டை, நடுப்புள்ளிக்கு இடப்பக்கம்.

“கை ஆடியிருந்தா செதறியிருக்காதுங்களா?”

கடைக்காரர் சரிசெய்ய ரைஃபிளை வாங்கி வைத்துக்கொண்டார்.

“என்னுதும் இதே கம்ப்ளெயின்ட்தாங்க சிஸ்டர்,” என்றேன்.

“சுடுங்க, பாக்கலாம்.”

சுட்டேன். அட்டை முழுக்க ஓட்டைகள். சிஸ்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“உங்க ரைஃபிள் நல்லாத்தாங்க இருக்குது.”

ரைஃபிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். இன்றும் அதைத் தூக்கும்போதெல்லாம், என் கழுத்தில் இல்லாத சிலுவையைப் பின்னால் தள்ளக் கை தானாகப் போகிறது.