தலையாட்டும் பழக்கம்

பாச்சாங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் அந்த லாயரம்மாவின் ஆபீஸ். தூக்குக்குப் போக இருந்த பல பேரை வீட்டுக்கு அனுப்பியவர் என்று ஊரில் பேச்சு. அவர் ஜெயித்த வழக்குகளைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். நான் ஒன்றையும் படிக்கவில்லை. என் தம்பி ஜெயிலில் இருந்தான்.

எங்கள் வீட்டு ஹாலில் இருந்த ஒரு பையில் போலீஸ் போதைப்பொருளை எடுத்தது. அந்தப் பையைக் கொண்டுவந்தவன் தம்பியோடு லோரி ஓட்டுகிறவன். "சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்க்கா" என்று சோபா ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான். அப்போது தம்பி வேலையில் இருந்தான். பார்த்தது நான் ஒருத்திதான். சாயங்காலம் பையை வைத்தவன் வரவில்லை, போலீஸ்தான் வந்தது. நான் கோர்ட்டில் ஏறிச் சொன்னால்தான் தம்பி பிழைப்பான். நானோ, பாசாரில் கெட்ட மீனைப் போட்டாலும் பேசாமல் வாங்கி வருகிறவள்.

லாயரம்மா என்னைவிடச் சின்னவர். ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. முதல் நாள் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோலக் கேட்டார்.

"பஸ்லதானே வந்தீங்க?"

"ஆமாங்கம்மா."

"செர்காம்லேருந்துதானே?"

"ஆமாங்க."

"மழையில நல்லா நனஞ்சிட்டீங்கபோல."

"ஆமாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வெளிய வெயில் கொளுத்துது. உங்க வீடு புக்கிட் பெருவாங். கார்ல வந்து இறங்குனத ஜன்னல்ல பார்த்தேன். எங்கம்மாவும் இப்படித்தான்க்கா, தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி எது கேட்டாலும் தலையாட்டும். கோர்ட்ல இப்படி ஆட்டுனீங்க, தம்பி கழுத்துல நீங்களே கயித்த மாட்டிடுவீங்க லா."

"நான் என்னம்மா சொல்லணும்?" என்றேன்.

"அத நான் சொல்லித் தர மாட்டேன், தப்பு. பார்த்தத மட்டும் சொல்லுங்க. உண்மைன்னா ஆமா. இல்லேன்னா இல்ல. அவ்வளவுதான்."

வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, யாருக்கும் கேட்காமல் 'இல்லை' என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது.

கோர்ட்டில் அரசாங்க வக்கீல் கத்தவில்லை. அன்பாகத்தான் பேசினார். அதுதான் அதிகப் பயமாக இருந்தது. அவர் மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அன்றைக்கு நீங்கள் சமையலறைக்கும் போய் வந்தீர்கள் அல்லவா? உண்மை. ஆமாம் என்றேன். தம்பிமேல் பாசம் உண்டல்லவா? ஆமாம் என்றேன். பிறகு சிரித்த முகத்தோடு, "யாரும் பை கொண்டுவரவில்லை. அது உங்கள் தம்பியின் பைதான். செத்துஜூ?" என்றார். ஒத்துக்கொள்கிறீர்களா என்று அது தமிழில் வருவதற்குள் என் தலை அசையத் தொடங்கிவிட்டது.

லாயரம்மாவைப் பார்த்தேன். அவர் குனிந்து காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி என்னைப் பார்த்தான். இரண்டு கையாலும் சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தீடாக், துவான். இல்ல. தம்பியோட லோரி ஓட்டுறவன் கொண்டுவந்தத நான் பார்த்தேன்."

வேறு வேறு மாதிரி திருப்பித் திருப்பிக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் தலை முந்தியது. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன்.

தீர்ப்பு நாளில் தம்பியை விட்டார்கள். லாயரம்மா சிரிக்கவில்லை. "அவங்க அப்பீல் போடலாம்க்கா. கூப்பிட்டா வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு நடந்தார். வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார்.

"வாக்கா, போலாம்" என்று தம்பி கையைப் பிடித்து இழுத்தான். படியிறங்கும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்கக் கேட்க அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.