பழைய நேரமா, புதிய நேரமா?

காலங்கள் யாவும் தன்னுள் ஒடுங்கத் தான் ஒருநாளும் ஒடுங்காத பெருமானே, காலனுக்கும் காலனாகி நின்ற கருணையே, எடுத்த காரியத்தை இடையூறின்றி முடித்துத் தரும் உன் மூத்த பிள்ளையை முன்னே அனுப்பி, இவ்வெழுத்துக்குக் காவல் வைத்தருள்வாயாக.

தைப்பூசத் திருநாளாகிய இன்று, புது அரிசி பொங்கிப் படைத்து, கோயிலிலே புராணம் படித்து வந்த கையோடு எழுத அமர்கிறேன். இன்று நல்ல நாள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நேரத்தைப் பற்றி மட்டும் எங்கள் வீட்டாரிடம் எவரும் வாய் திறவாதிருப்பது நலம். அதன் காரணத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளையெல்லாம் முன்னே தள்ளிவைத்தது. முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளினார்கள். சில மாதங்களில் மனம் இரங்கி அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். அந்த அரை மணித்தியாலம் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் நிலைத்து நின்றது. எங்கள் புளியங்கூடல் ஒழுங்கையில் அக்காலத்தில் மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. இல்லாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அத்திருப்பணியில் நாங்களும் பங்குகொண்டோம்.

ஆனால் சுவாமிக்கு யார் சொல்வது? கோயில்கள் பழைய நேரத்திலேயே நின்றன. ஆகவே ஊருக்கு இரண்டு நேரங்கள் வாய்த்தன. பஸ்ஸும் பள்ளிக்கூடமும் கந்தோரும் புதிய நேரம். பூசையும் இராகுகாலமும் சோறு வடிப்பதும் பழைய நேரம். எங்கள் வீட்டுச் சுவரிலே இரண்டு மணிக்கூடுகள் அருகருகே தொங்கின. வழியால் போகிறவர் படலையில் நின்று, "இப்ப என்ன நேரம்?" என்று கேட்டால், "உங்களுக்கு எது வேணும்?" என்று நாங்கள் உபசரிப்போம். புராணபடனம் பத்து மணிக்கு என்று அறிவித்தால், கேட்போரில் பாதிப்பேர் பாட்டு முடியும்போது வந்து, பயன் எனப்படும் பொருள் விளக்கத்துக்கு மட்டும் அமர்வார்கள். மற்றப் பாதிப்பேர் பயன் சொல்லுமுன் எழுந்து போவார்கள். முழுவதையும் கேட்டவர் மூலஸ்தானத்தில் இருந்தவர் ஒருவரே.

பின்னர் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. நாங்களும் ஒரு மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, எல்லாம் தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். அந்தப் பத்தாண்டுகளில் பிறந்த பிள்ளைகள் ஒருநாள் வளர்ந்து கலியாணத்துக்கு நிற்பார்கள் என்பதை எவரும் நினைக்கவில்லை.

என் தம்பியின் மகள் அக்காலத்துப் பிள்ளை. ஊர்காவற்றுறையில் கந்தோர் ஒன்றில் வேலை. அதே கந்தோரில் வேலை செய்யும் புங்குடுதீவுப் பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று, பையனுக்கும் அவ்வாறே. தெற்கிலே கடை வைத்திருந்து, இப்போது ஊரோடு வந்திருக்கும் குடும்பம் அது. பையனின் தாயார் ஒன்றையே கேட்டார்: சாதகம் பொருந்தவேண்டும். என் மருமகளான அவள் என்னிடம் வந்து, "மாமி, இது சரிவராட்டில் இனி என்ர குறிப்பை ஒருத்தருக்கும் குடுக்க விடமாட்டன்," என்றாள். அமைதியாகத்தான் சொன்னாள். அதனாலேயே நான் அஞ்சினேன்.

சாத்திரியாரிடம் போனோம். பிறந்த நேரம் காலை ஏழேகால் என்றோம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பழைய நேரமோ, புதிய நேரமோ?" என்று கேட்டார். அந்த அரை மணித்தியாலத்துக்குள் இலக்கினம் மாறுகிறதாம். பழைய நேரமாயின் செவ்வாய் ஆறாமிடத்தில் சாதுவாக இருக்கிறார். புதிய நேரமாயின் ஏழாமிடத்தில் ஏறி உட்கார்ந்து செவ்வாய்க் குற்றம் ஆக்குகிறார். பையனின் சாதகமோ குற்றமற்றது. குற்றமுள்ள பெண்ணைக் குற்றமற்ற பையனுக்குச் செய்ய எங்கள் பக்கத்தில் யாரும் துணியார்.

"பழைய நேரந்தான்," என்றான் தம்பி. "ஆஸ்பத்திரி வாசலிலை நிண்டனான். பிள்ளை அழுத சத்தம் கேட்ட உடன என்ர கைமணிக்கூட்டைப் பாத்தனான். அது எப்பவும் பழைய நேரம்."

"பெத்தது நான். அது புதிய நேரம்," என்றாள் அவன் மனைவி.

"நீர் சும்மா இரும். உமக்கு அப்ப ஒரு நினைவும் இல்லை."

"நினைவு இல்லாமலோ சுவர் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு கிடந்தனான்?"

நானும் அவளைக் கண்ணால் அடக்கினேன். பிள்ளையின் வாழ்வு நடுவில் நிற்கிறது. கைமணிக்கூடு ஒன்று நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறது. சுவர் மணிக்கூட்டை ஏன் கூப்பிடவேண்டும்?

பையனின் பெற்றோர் வீடு பார்க்க வந்த நாளில் சாத்திரியாரையும் அழைத்திருந்தோம். முன் அறையில் கதிரைகளைப் போட்டு, வடையும் பால் தேத்தண்ணியும் வைத்தோம். தாயார் ஒரு வடையைக்கூடத் தொடாமல் விசாரணையைத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கட கைமணிக்கூடு பழைய நேரமெண்டு என்னெண்டு சொல்லுறியள்?"

"நான் அதை ஒருநாளும் மாத்தேல்லை," என்றான் தம்பி. குசினியில் வடை சுட்டு முடித்து வாசலுக்கு வந்த அவன் மனைவி, "புதிய நேரம்..." என்று தொடங்கினாள், நான் கண்ணால் அடக்கினேன்.

"அப்ப வேலைக்கு எப்பிடிப் போனனீங்கள்?"

"பிந்தித்தான் போனனான்," என்றான் தம்பி.

"பத்து வரியமுமோ?"

"ஓம். கந்தோரிலை வந்து கேட்டுப் பாருங்கோ."

தாயாருக்கு அந்தப் பதிலில் ஓரளவு நம்பிக்கை வந்ததுபோல் தெரிந்தது. அவர் நிமிர்ந்து இருந்து, "எங்கட பக்கம் உந்தச் சிக்கல் ஒண்டும் இல்லை," என்றார். "மகனும் அந்தக் காலத்துப் பிள்ளைதான், ஆனால் பிறந்தது தெற்கிலை, பெரியாஸ்பத்திரியிலை. இரவு எட்டுப் பத்து. அங்கை ஒரே ஒரு நேரந்தான். பழசு புதுசு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

சாத்திரியார் அப்போது வடையைக் கடித்தவர், மெல்லுவதை நிறுத்தினார். பையனின் சாதகத்தை எடுத்து மடியில் விரித்தார். "இது எங்கை கணிச்சது?"

"புங்குடுதீவிலை. எங்கட பழைய சாத்திரியார்."

"தெற்கிலை இருந்த அந்த ஒரு நேரம் புதிய நேரம். அவர் அரை மணித்தியாலம் கழிக்கேல்லை, பிள்ளை. எட்டுப் பத்தைப் பழைய நேரமெண்டு நினைச்சுக் கணிச்சிருக்கிறார்."

எல்லாரும் பையனின் தகப்பனாரைப் பார்த்தோம். அவர் வந்த நேரம் முதல் வாய் திறவாமல் வடையிலேயே கருத்தாயிருந்தவர். "நான்தான் ரெலிபோனிலை சொன்னனான்," என்றார். "எந்த நேரமெண்டு அவர் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. கோல் எடுக்க அந்த நாளிலை என்ன கஷ்டம்."

சாத்திரியார் கைபேசியை எடுத்து விரலால் தட்டினார். நான் உள்ளுக்குள் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன வேண்டிச் சொல்கிறேன் என்பது எனக்கே அப்போது தெளிவில்லை.

"செவ்வாய் மூண்டிலை இல்லை, நாலிலை," என்றார் சாத்திரியார். "உங்கட மகனுக்குக் குற்றம் இருக்கு."

தாயார் தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். குற்றமற்ற பையன் என்று இத்தனை காலம் தலை நிமிர்த்தி வைத்திருந்த தாய் அவர். அவருடைய வாய்ச் சொல்லே சாட்சியாகிவிட்டது, பின்வாங்க இடமில்லை. குற்றத்துக்குக் குற்றந்தான் பொருத்தம் என்பது தீவிலே சிறுபிள்ளைக்கும் தெரியும். கிண்ணத்தை வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்ற என் தம்பி மனைவியைப் பார்த்து, குரலைத் தேன்போலத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நீர் ஏதோ புதிய நேரமெண்டு சொல்ல வந்தமாதிரிக் கிடந்துது?"

"இல்லை, பழைய நேரம்," என்றான் தம்பி.

"தம்பி, நீ சும்மா இரு," என்றேன்.

"என்னக்கா, நீங்களே நேற்று..."

"நேற்று வேறை. வடையைத் தின்."

அவன் மனைவி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கதிரையொன்றில் அமர்ந்தாள். மூன்று கிழமையாக அடக்கப்பட்டவளின் நிதானம் அவளிடம் இருந்தது. "சுவர் மணிக்கூட்டிலை ஏழேகால். அரசாங்க ஆஸ்பத்திரி, அரசாங்க நேரம். பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைச்சு, நிறுத்து, பிறகுதான் நேர்ஸ் வெளியிலை போய் இவருக்குச் சொன்னவ. அரை மணித்தியாலம் போயிருக்கும். அப்பதான் இவர் கையைப் பாத்திருப்பார். இவரின்ர மணிக்கூட்டிலையும் ஏழேகால்தான் இருந்திருக்கும்."

சாத்திரியார் தலையாட்டினார். கணக்குச் சரிவந்தது. இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஏழேகாலைத்தான் கண்டார்கள். இரண்டு ஏழேகால்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை குளித்து முடித்திருக்கிறாள்.

தம்பி மட்டும் ஆறவில்லை. "நான் அழுத சத்தம் கேட்டனான். என்ர காதாலை கேட்டனான்."

"அண்டைக்கு வார்டிலை வேறை ரெண்டு பேருக்கும் பிள்ளை பிறந்தது," என்றாள் அவள்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரின்ரையோ பிள்ளை அழுததையோ நினைச்சு நினைச்சுச் சந்தோசப்பட்டனான்?"

கதவுக்குப் பின்னே நின்ற மருமகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே வந்துவிட்டாள். பெண் பார்க்க வந்தவர் முன் இப்படிச் சிரிப்பது முறையல்ல என்று கண்டிக்கத் திரும்பினேன். பையனின் தகப்பனாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆதலால் நானும் முறையைக் கைவிட்டேன்.

"அப்ப குற்றம் ரெண்டு பேருக்கும் இருக்கு," என்றார் தாயார், ஒவ்வொரு சொல்லாக.

"இருக்கு," என்றார் சாத்திரியார். "மற்றதெல்லாம் பொருந்துது. உத்தமம்."

தாயார் முதல் வடையை எடுத்தார். எங்கள் ஊரிலே அதற்குமேல் சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. மருமகள் கைபேசியோடு முற்றத்துக்கு இறங்கினாள். அவள் குரல் யன்னலால் கேட்டது: "ஓம், எல்லாம் நல்லாய் முடிஞ்சுது. உமக்கும் குற்றமாம், எனக்கும் குற்றமாம். உம்மட அம்மா வடை சாப்பிடுறா."

கிரகங்களை நான் பழிக்கமாட்டேன். அவை தத்தம் வழியே ஒழுங்காகத்தான் சுழன்றன. அவற்றின் கீழே மணிக்கூட்டைத் தள்ளியவர்களும் தள்ள மறுத்தவர்களும் நாங்களே. அன்று பெருமான் எங்கள் மணிக்கூடுகள் எதையும் பார்க்காமல், அந்தப் பிள்ளைகள் இருவரின் முகத்தை மட்டும் பார்த்தான் என்று நம்புகிறேன்.

வருகிற வைகாசியில் கலியாணம். இதை வாசித்தோரும், வாசிக்கப் பக்கத்தில் இருந்து கேட்டோரும், வாசிப்பின் நடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்து வந்தோரும் நோயின்றி, குறைவின்றி, வீட்டிலே விளக்கும் வாயிலே திருநாமமும் அணையாதிருக்க நீடு வாழ்க. உங்கள் பிள்ளைகளுக்கு மனம்போல் மணம் அமைக.