தொலைபேசியில் தேறிய அத்தை

பக்கவாதம் கண்ட தொழிலாளியின் உடல் தகுதியை மருத்துவர் நேரில் பார்த்தே எழுத வேண்டும்; கேட்டறிந்து எழுதக் கூடாது. பின்னாளில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, இதே விதியைக் காட்டி எத்தனையோ கோப்புகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல விதிதான். அத்தை விஷயத்தில் முதலில் அதை மீறினார்கள். பிறகு, துரதிர்ஷ்டவசமாக, கடைப்பிடித்தார்கள்.

நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அப்பாவின் அக்கா, கணவனை இழந்தவள், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், தனியாக இருந்தாள். கொழுந்தெடுக்கும் வலது கை ஒரு நாள் காலையில் விழுந்துவிட்டது. காலும் கொஞ்சம் இழுத்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சோறு பிசைவது, தலை பின்னுவது, சேலை சுற்றுவது எல்லாம் எட்டு வயதுக்காரியான என் பொறுப்பு. நான் வைக்கும் கொசுவம் எப்போதும் கோணல்.

வேலைக்கு ஆகாதவள் என்று டாக்டர் எழுதினால் தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டுவார்கள். பெயர் போனால் காம்பராவும் போகும். லயத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும்.

பதுளையிலிருந்து டாக்டர் வர முடியாமல் தொலைபேசியில் கேட்டார். தோட்டத்து ஆபீசுக்குள் நம் ஆட்கள் போகும் வழக்கமில்லை. ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். உள்ளே தொலைபேசியைப் பிடித்திருந்த கிளாக்கர் ஐயாவுக்குத் தெரிந்தது அத்தையின் முகம் மட்டும். கீழே நான் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சோறு நீயே அள்ளித் திங்கிறியான்னு கேக்குறாரு."

"ஆமாங்க."

"சேலை?"

"நாந்தாங்க கட்டிக்கிறேன். பின்ன தொரை வந்தா கட்டிவிடுறாரு?"

கிளாக்கர் சிரித்துவிட்டு, 'ஆம்' என்பதை மட்டும் டாக்டருக்குச் சொன்னார். 'தேறி வருகிறாள், ஓய்வு கொடுக்கலாம்' என்று கடிதம் வந்தது.

மறு மாதம் டாக்டரே வந்தார். தங்கமான மனிதர். அத்தையை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு தகர டப்பாவைக் கொடுத்து, திறக்கச் சொன்னார். அவள் இடது கையால் வாங்கி மடியில் வைத்தாள். அவ்வளவுதான், என் கைகள் தாமாகப் போய் மூடியைத் திறந்துவிட்டன. டாக்டர் என்னைப் பார்த்தார், கோணல் கொசுவத்தைப் பார்த்தார், எனக்கு ஒரு டொபி கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அவர் எழுதியதில் ஓர் எழுத்தும் பிழையில்லை.

திரும்பும் வழியில் அத்தை திட்டவில்லை. "ஒனக்குக் கை பழகிருச்சுடி, நீ என்ன பண்ணுவ" என்றாள். நான் டொபியில் பாதியைக் கடித்து அவள் வாயில் வைத்தேன்.

பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இலேசான வேலையாவது தரும்படி அப்பா மனு எழுதினார். பதில் வருவதற்குள் அத்தை தெமோதரையில் இருந்த தங்கை வீட்டுக்கு லொறி ஏறினாள். விருந்துக்குப் போகிறாள் என்று நினைத்துக் கையசைத்தேன். அவள் காம்பராவில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டிய பிறகும், அவள் திரும்பி வந்தால் எங்கே படுப்பாள் என்று மட்டுமே யோசித்தேன்.

வேலை தர அனுமதி என்ற பதில், தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது.