மீட்டரில் நானூறு

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் வாதம் அடித்தது. பத்தாங் பெர்ஜுந்தாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மதார் சாகிபுக்கும் இடப்பக்கம். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வுபெற்ற உடையப்பனுக்கும் இடப்பக்கம். வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் பயிற்சி. அங்கே நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் இரண்டு இருந்தன. மிதிக்கிற சுற்றுகளை மீட்டர் எண்ணிக் காட்டும்.

இரண்டு நோன்புப் பெருநாள் தொழுகையை நாற்காலியில் கழித்துவிட்ட சாகிபுக்கு மூன்றாவதையாவது நின்று தொழ வேண்டும். பெருநாளுக்கு ஆறு வாரம் இருக்கையில் உடையப்பன் கைத்தடி இல்லாமல் நடந்து வந்தார். சாகிபுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன்னைவிட ஐந்து வயது மூத்த மனுஷன்!

அன்று வெறி பிடித்து மிதித்தார்.

“பாத்தியா கதீஜா, நானூறு! மண்டோருக்கு வெறும் நாப்பதுலா!” என்றார் துணைக்கு வந்திருந்த மனைவியிடம்.

“நானூறு மிதிக்கிற காலு ஏங்க வீட்டு வாசப்படியத் தாண்ட மாட்டேங்குது?”

உடையப்பன் சாகிபின் கால்களைக் குனிந்து பார்த்தார். வயதில் இளையவரானாலும் கடைக்காரரை ஊரே கூப்பிடுவதுபோல் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். “நானா, முப்பது வருஷம் ஆளுங்ககிட்ட வேல வாங்குனவன் நான். எவன் உழைக்கிறான், எவன் கூட நின்னு வேடிக்க பாக்குறான்னு தெரியாதா? வலது காலுதான் மிதிக்குது. எடது காலு சும்மா ஏறி எறங்குது.”

பயிற்சி கொடுக்கும் மிஸி முதல் நாளே சொன்னதுதான்: நல்ல காலைக் கீழே வை, சுகமில்லாத கால் மட்டும் மிதிக்கட்டும். அவள் பார்க்கும்போது சாகிபு அப்படிச் செய்வார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வலது காலையும் மிதியில் தூக்கி வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் மண்டோரை எப்படி முந்துவது? மண்டோரின் அந்த நாற்பதும் சுகமில்லாத ஒற்றைக் காலால் மிதித்தது என்று இப்போதுதான் உறைத்தது. பாழாய்ப் போன பொறாமை இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது.

வலது காலை இறக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலால் அழுத்தினார். மீட்டர் அசையவில்லை.

அந்தப் பெருநாளும் நாற்காலியில்தான் போயிற்று. மத்தியானம் வீட்டுக்குப் பிரியாணி சாப்பிட வந்த உடையப்பன், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: “இப்ப எத்தனை நானா?”

“பதினொண்ணு. எடது காலு மட்டும். ஒங்களுக்கு?”

“தொண்ணூறு.”

சாகிபு அவர் தட்டில் பெரிய கறித்துண்டாகப் பார்த்து வைத்தார்.

“பெருநாளும் அதுவுமா நான் பொய் சொல்லக் கூடாது மண்டோரே,” என்றார். “எனக்கு வயிறு எரியுது.”